தலைமாட்டில் நின்றவள்

சாவு வீட்டில் போட்டோ எடுப்பவள் அழக்கூடாது என்று யாரும் சட்டம் போடவில்லை. அழுதால் ஃபோகஸ் போய்விடும், அவ்வளவுதான். ஓசூரில் ஸ்டுடியோ வைத்திருக்கிறேன். கல்யாணம், சர்ச்சில் புதுநன்மை, மஞ்சள் நீராட்டு எல்லாம் எடுக்கிறேன். ஆனாலும் ‘ஜெயசெல்வி அக்காவைக் கூப்பிடு’ என்று ஜனங்கள் அவசரமாகத் தேடுவது சவப்பெட்டி வந்து இறங்கிய பிறகுதான். சாவுப் படம் நன்றாக எடுப்பாள் என்று எனக்கு ஒரு பெயர். என்ன பெயரோ, கருமம்.

எங்கள் கிறிஸ்தவக் குடும்பங்களில் பெட்டியை மூடுவதற்கு முன் எல்லோரும் சுற்றி நின்று ஒரு படம் எடுத்துக்கொள்வார்கள். அதைப் பெரிதாகப் போட்டு ஹாலில் மாட்டுவார்கள். வீட்டுக்கு வருகிறவர்கள் காப்பி குடித்துக்கொண்டே யார் எங்கே நிற்கிறார்கள் என்று பார்ப்பார்கள். பெண்டாட்டி என்றால் தலைமாட்டில், பிள்ளைகள் பக்கத்தில், கூடப்பிறந்தவர்கள் பின்னால், மற்றவர்கள் ஓரத்தில். அந்தப் படத்தில் இருப்பவர்கள்தான் குடும்பம். இல்லாதவர்கள் எவ்வளவு அழுதிருந்தாலும் கணக்கில் வரமாட்டார்கள்.

அதைப் படமாக்குவது என் பாடு. பெட்டியைக் குறுக்கே நேராக வைத்தால் படத்தை இரண்டாக அறுத்துப் போட்டுவிடும். நிற்பவர்களுக்கும் கிடப்பவருக்கும் ஒட்டே இருக்காது. அதனால் கொஞ்சம் சாய்வாகத் திருப்புவேன். தலைப்பக்கம் அடியில் செங்கல் கொடுத்தால் முகம் தெரியும். பார்க்கிறவர் கண் வெளிச்சமான இடத்துக்குத்தான் முதலில் ஓடும். பெட்டிக்குள் இருக்கிற வெள்ளைத் துணி அந்த வேலையைப் பார்த்துக்கொள்ளும். அங்கிருந்து கண் யாரிடம் போக வேண்டும், யாரிடம் போகக்கூடாது என்பதெல்லாம் நான் நிறுத்துகிற விதத்தில் இருக்கிறது.

இன்னொரு வித்தையும் உண்டு. குடும்பத்துக்குப் பிடிக்காத ஆள் ஒருவர் எந்தச் சாவுக்கும் வந்து நிற்பார். விலகிப் போ என்று அங்கே சொல்ல முடியாது. அவரைக் கடைசியில், பக்கத்து ஆளைவிட்டு ஒரு சாண் தள்ளி நிறுத்திவிட்டால் போதும், பிரிண்ட் போடும்போது வெட்டிக்கொள்ளலாம். வீட்டுக்காரர்கள் கண்ணைக் காட்டுவார்கள், நாங்கள் புரிந்துகொள்வோம். தொழிலில் இருக்கிற எல்லோருக்கும் இது தெரியும்.

முனிலட்சுமியை அப்படித்தான் நிறுத்தச் சொன்னார்கள்.

அவள் கெலமங்கலம் பக்கம். தக்காளி போடுகிற குடும்பம், வீட்டில் பேசுவது தெலுங்கு. சிப்காட்டில் ஒரு கம்பெனியில் வேலைக்கு வந்த இடத்தில் வெஸ்லினைப் பார்த்திருக்கிறாள். அவன் பர்கூர் பக்கத்துக் கிராமம், எங்கள் கிறிஸ்தவ ஆள், வெல்டிங் பிரிவில் வேலை. முனீஸ்வரன் கோயிலில் வைத்துத் தாலி கட்டிவிட்டான். அவள் வீட்டில் தலை முழுகிவிட்டார்கள், இவன் வீட்டில் கதவைச் சாத்திவிட்டார்கள். மூக்கண்டப்பள்ளியில் மங்கம்மா என்கிற தெலுங்குக்கார அம்மாள் வரிசையாகக் கட்டி வாடகைக்கு விட்டிருந்த லைன் வீடு ஒன்றில் குடித்தனம். மழை பெய்து தரை ஈரமாக இருந்த ஒரு நாள், ஷிப்டில் அறுந்து கிடந்த வயரை மிதித்து வெஸ்லின் செத்துப்போனான். முப்பது வயது ஆகவில்லை.

ஆஸ்பத்திரியில் அறுத்துக் கொடுத்ததும் கூட வேலை செய்த ஒடிசாக்காரக் கம்பெனிப் பையன்கள் உடலை லைன் வீட்டுக்குத்தான் கொண்டுவந்தார்கள். அவன் அண்ணன் ஆரோக்கியநாதன் ஓசூரிலேயே பெட்டி வாங்கிக்கொண்டு, ஊருக்குத் தூக்கிப் போக வண்டியோடு வந்துவிட்டான். அவன் தாத்தா சாவுக்கும் அவன் கல்யாணத்துக்கும் படம் எடுத்தவள் நான். அந்தப் பழக்கத்தில் போன் செய்தான்.

“அக்கா, ஊருக்குப் போய்ச் சேர பொழுது சாஞ்சிடும். போனதும் அடக்கம். குடும்பப் படத்தை இங்கியே எடுத்துக்கலாம், வாங்க.”

போனேன். வாசலில் நீலத் தார்ப்பாய் கட்டியிருந்தார்கள். அதற்கு அடியில் செத்தவன், இருக்கிறவன் எல்லோர் முகமும் ஒரே நீலம். சாவு வீட்டுக்கு நீலத் தார்ப்பாய் கட்டுகிறவனைப் பிடித்து நாலு சாத்து சாத்த வேண்டும் என்று எனக்கு எப்போதும் தோன்றும். வெஸ்லினின் அம்மா சூசையம்மாள் பெட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு மகனைப் பெயர் சொல்லிச் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். அந்த அழுகையில் பொய் இல்லை. ஆரோக்கியநாதனும் அவன் பெண்டாட்டி அனிட்டாவும் பக்கத்தில் நின்றார்கள். சித்தப்பா வீட்டு ஆட்கள் சிலர். அவ்வளவுதான் அவன் பக்கத்து ஜனம்.

முனிலட்சுமி தண்ணீர்க் குழாய் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாள். தன் வீட்டு வாசலிலேயே விருந்தாளி மாதிரி நின்றாள். நான் கேமராவை எடுத்ததும் கிட்டே வந்தாள்.

“அக்கா, போட்டோல நானும் நிக்கலாமில்ல?”

“உன் புருஷன்தானே? நீ நிக்காம வேற எவ நிப்பா?”

“எங்கிட்ட செல்ஃபி நெறைய இருக்குதுக்கா. ஆனா அதுல நாங்க ரெண்டு பேருதான் இருக்கிறோம். யாரு வேணா யாருகூட வேணா எடுத்துக்கலாம்னு சொல்லிருவாங்க. அத்தை, அவரோட அண்ணன் எல்லாரும் நிக்கிற படத்துல ஒரே ஒருவாட்டி நின்னுட்டா போதும். அப்புறம் என்னை யாரும் வச்சிக்கினு இருந்தவன்னு சொல்ல முடியாது.”

வேறு எதையும் அவள் கேட்கவில்லை. கம்பெனி என்ன தரும், யாருக்குத் தரும், அந்தப் பேச்சே அவள் வாயில் வரவில்லை.

ஆரோக்கியநாதன் என்னைத் தனியாகக் கூப்பிட்டான். “அக்கா, அவளைப் போன்னு சொன்னா இங்க கத்துவா. கம்பெனிப் பசங்க இருக்கிறாங்க. கடைசில நிறுத்திருங்க, கொஞ்சம் தள்ளி. உங்களுக்குத் தெரியாததா?”

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. தம்பியைப் பெட்டியில் போட்டுவிட்டு எவ்வளவு நிதானமாகக் கணக்குப் போடுகிறான் பார்! “பாக்கறேன் தம்பி” என்று மட்டும் சொன்னேன்.

நான் வேறு படம் யோசித்துவிட்டேன். பெட்டியைச் சாய்வாகத் திருப்பினேன். வெஸ்லினின் தலை ஒரு பக்கமாகச் சரிந்துகொண்டே இருந்தது. பூவை வைத்து முட்டுக் கொடுத்தும் நிற்கவில்லை. அது எனக்கு நல்ல சாக்காகப் போயிற்று.

“தலை சாயுது. யாராவது கீழ கை குடுத்துத் தாங்கணும். முனிலட்சுமி, நீ வா.”

“நான் தாங்கறேன்” என்றாள் அனிட்டா.

“நீ உயரம்மா. நீ அங்க நின்னா படம் ஒரு பக்கமா சாஞ்சிரும். பேலன்ஸ் போயிரும். நீ அத்தையைப் புடிச்சிக்க.”

பேலன்சாவது, கத்தரிக்காயாவது! வாயில் வந்ததைச் சொன்னேன். ஆனால் போட்டோக்காரி பேலன்ஸ் என்று சொல்லிவிட்டால் ஜனங்கள் மறுபேச்சு பேசமாட்டார்கள். முனிலட்சுமி ஓடி வந்து அவன் கன்னத்துக்கு அடியில் கையைக் கொடுத்தாள். அந்தக் குளிர்ச்சியில் அவள் தோள் ஒரு தடவை உதறியது. கையை மட்டும் எடுக்கவில்லை.

அப்புறம் நானே போய்த் தலைமாட்டுப் பக்கம் தார்ப்பாயின் கயிற்றை அவிழ்த்துத் தூக்கிவிட்டேன். மத்தியான வெயில் அவள்மேல் வந்து விழுந்தது. மற்றவர்களை அவன் முகத்தைப் பார்க்கச் சொன்னேன். குனிந்த தலைகள், பெட்டியின் விளிம்பு, சூசையம்மாளின் நீட்டிய கை எல்லாம் கண்ணை இழுத்துக்கொண்டு போய் அவன் முகத்தில் விட்டன. அங்கிருந்து அவள் கை, கையிலிருந்து அவள் முகம். அவளை வெட்ட வேண்டுமென்றால் அவன் தலையை வெட்ட வேண்டும். வெட்டுங்கடா பார்ப்போம் என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டே எடுத்தேன்.

பெட்டியை வண்டியில் ஏற்றினார்கள். இடமில்லை, பின்னால் வேன் வருகிறது, அதில் வா என்று அவளிடம் ஆரோக்கியநாதன் சொன்னான். அவள் செருப்பைப் போட்டுக்கொண்டு வாசலில் நின்றாள். வேன் எதுவும் வரவில்லை. மங்கம்மாதான் கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போய் உட்கார வைத்தாள். புருஷன் மண்ணுக்குள் போவதை அவள் பார்க்கவில்லை.

அடுத்த வாரம் முனிலட்சுமிக்கு நானே பிரிண்ட் போட்டுக் கொண்டுபோய்க் கொடுத்தேன். படத்தை வாங்கி அவனைப் பார்ப்பதற்கு முன்னால் தன் இரண்டு பக்கமும் நிற்பவர்களைத்தான் பார்த்தாள். “எல்லாரும் இருக்கிறாங்கக்கா” என்றாள். அப்போதுதான் அவள் வாய்விட்டு அழுதாள்.

ஆரோக்கியநாதன் ஸ்டுடியோவுக்கு வந்தான். படத்தைக் கம்ப்யூட்டரில் காட்டினேன்.

“அக்கா, இவளை எடுத்துட்டு பிரிண்ட் போடுங்க.”

“எப்படி எடுக்கறது? கை உன் தம்பி கன்னத்துக்கு அடியில இருக்குது. இவளை வெட்டுனா அவனையும் சேத்துத்தான் வெட்டணும்.”

கொஞ்ச நேரம் பார்த்தான். கோபப்படுவான் என்று எதிர்பார்த்துத் தயாராக உட்கார்ந்திருந்தேன். “சரிங்கக்கா. பென்டிரைவுல போட்டுக் குடுங்க, போதும்” என்றான். போட்டுக் கொடுத்தேன். அவன் படியிறங்கிப் போனதும், ஜெயித்துவிட்டோம் என்று டீ சொல்லிக் குடித்தேன். என்னைவிட முட்டாள் சிறுக்கி இந்த ஓசூரில் இருக்கமுடியாது.

கல்லறைத் திருநாள் வந்தது. அன்றைக்கு நான் கிராமம் கிராமமாகப் போவேன். வெளிநாட்டில் இருக்கிற பிள்ளைகள், அப்பா அம்மா கல்லறைக்குப் பூ வைத்து மெழுகுவர்த்தி ஏற்றியிருப்பதைப் படமெடுத்து அனுப்பச் சொல்வார்கள். சாயங்காலம் வெஸ்லினின் ஊருக்குப் போனேன். கல்லறைத் தோட்டம் முழுக்கச் சாமந்தி வாசனையும் ஊதுபத்திப் புகையும். சர்ச் சாமியார் ஒவ்வொரு கல்லறையாகத் தீர்த்தம் தெளித்து மந்திரித்துக்கொண்டு வந்தார்.

வெஸ்லினின் கல்லறைக்குப் புதுசாகச் சுண்ணாம்பு அடித்திருந்தார்கள். குடும்பம் சுற்றி உட்கார்ந்திருந்தது. சிலுவையில் சாய்த்துப் பெரிய கண்ணாடிச் சட்டம். என் படம்தான். சூசையம்மாள் இருக்கிறாள், ஆரோக்கியநாதன் இருக்கிறான், அனிட்டா இருக்கிறாள். முனிலட்சுமி இல்லை.

குனிந்து கிட்டப் போய்ப் பார்த்தேன். வெட்டவில்லை, அழித்திருந்தார்கள். இப்போது போனிலேயே விரலால் தேய்த்தால் ஆளைக் காணாமல் போக்கிவிடலாம். அவள் நின்ற இடத்தில் லைன் வீட்டுச் சுவரும், பாதிக் கதவும் வந்திருந்தன. அவள் கை இருந்த இடத்தில் அவன் கன்னத்துக்கு அடியில் ஒரு வெள்ளைத் தலையணை. அப்படி ஒரு தலையணையே அன்றைக்கு இல்லை. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். இங்கே ஒரு பருக்கைகூட இடம் மாறவில்லை. தொழில் தெரிந்தவளாகச் சொல்கிறேன், குறை சொல்ல முடியாத வேலை.

அந்த நேரம் பார்த்து முனிலட்சுமி வந்தாள். ஓசூரிலிருந்து பஸ் பிடித்து, கிருஷ்ணகிரியில் மாறி, விசாரித்து விசாரித்து வந்திருக்கிறாள். கையில் ஒரு மெழுகுவர்த்தி, பூ, பிளாஸ்டிக் கவரில் நான் கொடுத்த பிரிண்ட்.

“யாருடி நீ? இங்க எதுக்கு வந்தே?” என்று சூசையம்மாள் எழுந்தாள். தெரியாமல் கேட்கவில்லை. ஊர் கேட்கட்டும் என்று கேட்டாள்.

“அத்தை, மெழுகுவத்தி மட்டும் ஏத்திட்டுப் போயிடறேன்.”

“அத்தையா? யாருக்கு யாரு அத்தை?”

பக்கத்துக் கல்லறைகளிலிருந்து ஜனங்கள் திரும்பிப் பார்த்தார்கள். முனிலட்சுமி வாதாடிக்கொண்டு நிற்கவில்லை. கவரிலிருந்து படத்தை எடுத்துச் சுற்றி நின்றவர்களிடம் நீட்டினாள். “பாருங்க. எல்லாரும் சேந்து எடுத்ததுதான். நான் தலைமாட்டுல நிக்கிறேன், பாருங்க.”

அவ்வளவு நம்பிக்கையோடு நீட்டினாள்.

ஒரு வயசான அம்மாள் அதை வாங்கிப் பார்த்தாள். சட்டத்தில் இருந்த படத்தையும் பார்த்தாள். ஊர்க்காரர்கள் யாரும் மூக்கண்டப்பள்ளிக்கு வந்தவர்கள் இல்லை. அவர்களுக்குத் தெரிந்தது அந்தச் சட்டத்தில் இருக்கிற படம்தான். அந்த அம்மாள் சிரித்தாள்.

“ஏம்மா, பொய் சொன்னாலும் பொருந்தச் சொல்லணும். பெத்தவ ஒரு பக்கம் நிக்க, உன்னைக் கொண்டாந்து தலைமாட்டுல நிறுத்துவாங்களா? எங்கியோ ஓரத்துல, கூட்டத்தோட கூட்டமா நிக்கிறன்னு காட்டியிருந்தா நம்பியிருப்பேன்.”

அனிட்டா படத்தைப் பிடுங்கினாள். “இங்க பாருங்க பெரிம்மா. நாங்க எல்லாரும் நீலத் தார்ப்பாய்க்குக் கீழ நிக்கிறோம். இவ மேல மட்டும் வெயிலு அடிக்குது. வேற எங்கியோ எடுத்ததைக் கொண்டாந்து ஒட்டியிருக்குது. கண்ணு இருக்கறவங்களுக்குத் தெரியாதா?”

படம் கை மாறிக் கை மாறிப் போயிற்று. ஆமாம், வெயிலு அடிக்குது, ஆமாம், ஒட்டினதுதான் என்று ஆளாளுக்குச் சொன்னார்கள்.

என்னால் பொறுக்க முடியவில்லை. “நான்தான்யா எடுத்தேன்! தார்ப்பாயைத் தூக்கிவிட்டதே நான்தான். இவதான் கை குடுத்துத் தாங்குனா. அந்தச் சட்டத்துல இருக்கறதுதான் பொய்!” என்று கத்தினேன். சாமியார்கூட மந்திரிப்பதை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தார்.

ஆரோக்கியநாதன் குரலை உயர்த்தவே இல்லை. “அக்கா, எங்க தாத்தா சாவுல குவைத்துல இருந்த எங்க சித்தப்பாவைப் பெட்டிகிட்ட நிக்கிற மாதிரி ஒட்டிக் குடுத்தது யாரு? நீங்கதானே? அழகா ஒட்டுனீங்க. ஊரே பாத்துச்சி. இதையும் அழகாத்தான் ஒட்டியிருக்கீங்க.”

ஒட்டியது உண்மைதான். சாவுக்கு வரமுடியாத பிள்ளையைப் படத்தில் சேர்த்துக் கொடுப்பது எங்கள் தொழிலில் எல்லோரும் செய்வதுதான். அழுதுகொண்டு கேட்பார்கள், செய்து கொடுப்போம். அப்படிச் செய்த வாயால் இது நிஜம் என்று சொன்னால் எவன் நம்புவான்? மங்கம்மாவைக் கூட்டி வருகிறேன், கம்பெனிப் பையன்களைக் கூட்டி வருகிறேன் என்றேன். தெலுங்குக்காரியையும் ஒடிசாக்காரனையும் கூட்டிவந்து கல்லறையில் பஞ்சாயத்து வைக்கப்போகிறாளாம் என்று யாரோ சொல்ல, சிரிப்பு எழுந்தது.

சாமியார் வந்தார். வெஸ்லினின் கல்லறையை மந்திரித்துவிட்டு அடுத்ததற்குப் போனார். முனிலட்சுமி ஏற்றாத மெழுகுவர்த்தியைக் கையில் பிடித்துக்கொண்டு வேலி ஓரமாகப் போய் நின்றாள். அப்புறம் நாங்கள் இரண்டு பேரும் ஒரே பஸ்ஸில் ஓசூருக்குத் திரும்பினோம். வழியெல்லாம் நான் அவன் குடும்பத்தைத் திட்டிக்கொண்டே வந்தேன். அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

மறுநாள் கடை திறந்ததும் வந்தாள். அந்தப் படத்தை மேஜைமேல் வைத்தாள். கை மாறியதில் மூலை மடங்கி, யாருடைய விரல் சுண்ணாம்போ அவள் முகத்தில் ஒட்டியிருந்தது.

“அக்கா, அன்னைக்கு வேற படம் ஏதாவது எடுத்தீங்களா? நான் ஓரத்துல நிக்கிற மாதிரி?”

“இல்ல பாப்பா. எல்லாத்துலயும் நீ தலைமாட்டுலதான் இருக்கே.”

தலையை ஆட்டிக்கொண்டாள். பிறகு சொன்னாள். “அப்ப மாத்திக் குடுங்கக்கா. என்னை எடுத்து அந்தக் கடைசில வைங்க.”

“பைத்தியமா உனக்கு? இது நெசம்டி! நெசமான படத்தை நானே பொய்யாக்கணுமா?”

“நெசத்தைத்தான் யாரும் நம்ப மாட்டேங்கிறாங்களே. அந்தப் பெரிம்மா சொன்னாங்க இல்ல, ஓரத்துல நின்னிருந்தா நம்பியிருப்பேன்னு. பொண்டாட்டின்னு சொல்ல வேணாம் அக்கா. ‘இவளும் வந்திருந்தா, நின்னுக்கினு இருந்தா’ன்னு சொன்னாப் போதும். அடுத்த வருஷம் மெழுகுவத்தி ஏத்த விடுவாங்க.”

திட்டினேன். முடியாது என்றேன். அவளுக்கு நியாயம் செய்வதாக நினைத்து, தார்ப்பாயைத் தூக்கி வெயிலை விட்டு, தலைமாட்டில் நிறுத்தி, நானே அவள் பேச்சைச் செல்லாக்காசாக்கிவிட்டேன். கண்ணை எங்கே இழுக்க வேண்டும் என்று தெரிந்த எனக்கு, எதை ஜனங்கள் நம்புவார்கள் என்று தெரியாமல் போயிற்று. அவள் ஸ்டூலில் உட்கார்ந்தே இருந்தாள். கடைசியில் கம்ப்யூட்டரைப் போட்டேன்.

அவளைத் தலைமாட்டிலிருந்து எடுத்தேன். அந்த இடத்தில் சுவரை நிரப்பினேன். அவன் கன்னத்துக்கு அடியில், வேறு வழியில்லாமல், ஒரு தலையணை வைத்தேன். அவளைக் கொஞ்சம் சின்னதாக்கி, முகத்தில் இருந்த வெயிலைக் குறைத்து, மற்றவர்களுக்கு இருக்கிற நீலத்தைப் பூசி, சித்தப்பா வீட்டு ஆட்களுக்குப் பக்கத்தில் கொண்டுபோய் வைத்தேன்.

அவள் என் தோளுக்குப் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

“ரொம்ப ஒட்டி நிக்கிறேன் அக்கா. அவுங்க விட்டிருக்க மாட்டாங்க. இன்னும் கொஞ்சம் தள்ளி வைங்க.”

தள்ளி வைத்தேன்.

“இன்னும் கொஞ்சம்.”

அவள் தோள் படத்தின் விளிம்பில் இடித்துப் பாதி மறைந்தது. அப்போதுதான் அவளுக்குத் திருப்தி வந்தது. “இப்ப நம்புவாங்க” என்று சொல்லி, பிரிண்ட் போடச் சொன்னாள்.